நாய்க்கு என்ன ராசி?

குச்சனூரில் யார் படுத்தாலும் காரணம் ஒன்றுதான். சுயம்பு சனீஸ்வரர் ஊருக்குள்ளேயே குடியிருக்கும்போது டாக்டர் முந்திக்கொண்டு வாயைத் திறப்பது மரியாதையில்லை. சித்திரை வெயிலில் எங்கள் மணி வாந்தியும் பேதியுமாகத் திண்ணையில் சாய்ந்தான். எதிர்வீட்டு மாமா வந்து கேட்ட முதல் கேள்வி: "நாய்க்கு என்ன ராசி?"

மணி கோம்பை ஜாதி. செவலை உடம்பு, கரிமூஞ்சி. முன்னோர்கள் மலையடிவாரத்தில் காட்டுப்பன்றியை விரட்டினார்கள். இவன் சனிக்கிழமைக் கூட்டம் விட்டுப்போகும் பொட்டலச் சோற்றை விரட்டுகிறான். இந்த முறை சோறு ஜெயித்துவிட்டது.

"எள்ளு தீபம் போடுங்க, சரியாயிரும்" என்றார் மாமா. போடலாம்தான். அதற்கு முன்னால் பிடரித் தோலைக் கொத்தாகத் தூக்கி விட்டேன். உடம்பில் நீர் இருந்தால் தோல் சட்டென்று படிந்துவிடும். மணியின் தோல் பஞ்சாயத்துத் தீர்மானம் மாதிரி நிதானமாக இறங்கியது.

பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா தன் புறங்கையைக் கிள்ளிப் பார்த்தாள். நின்ற தோல் நின்றபடியே இருந்தது. "அப்ப எனக்கும் தண்ணி வத்திருச்சாடா?"

அதுதான் இந்தச் சோதனையில் உள்ள வம்பு. கிழட்டு நாய்க்குச் சும்மாவே தோல் தொளதொளவென்றிருக்கும். கொழுத்த நாய்க்கோ நீர் வற்றினாலும் தோல் துள்ளிப் படியும். ஆகவே உதட்டைத் தூக்கி ஈறையும் பார்க்க வேண்டும். ஈரமாக வழுக்கினால் நல்லது, பிசுபிசுத்தால் ஆபத்து. விரலால் அழுத்தினால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். மாமாதான் எண்ணினார். மூன்று என்றதும் ராசியை விட்டுவிட்டு, "ஆட்டோவக் கூப்பிடுய்யா" என்றார்.

கால்நடை டாக்டர் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டே சொன்னார்: உடல் எடையில் 5 சதவீதத்துக்குக் குறைவாக நீர் போனால் வெளியே தெரியாது, 12 சதவீதத்தைத் தொட்டால் உயிருக்கே உலை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, வியர்வை பாதத்தில் மட்டும். சூட்டைத் தணிக்க நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கிறதே, அந்த மூச்சோடும் நீர் போகிறது. கிலோவுக்கு 50, 60 மில்லி என்று கணக்குப் போட்டால், 20 கிலோ மணிக்கு நாளைக்கு ஒரு லிட்டராவது வேண்டும். வாந்தி எடுக்கிற நாய்க்கு அதையும் ஒரே மூச்சில் வைத்தால் ஒரே மூச்சில் திரும்பி வரும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். பாலைக் காட்டவே கூடாது.

மறுநாள் வாசலில் மண்சட்டி வைத்தேன். காகம் ஒன்று வந்து அதில் குளித்தது. சனீஸ்வரர் வாகனமே இறங்கிவிட்டதென்று தெருவே சட்டியை நிரப்ப முண்டியடித்தது. காகத்தின் பேரில் நாய் குடித்தது. பைரவர் கோபித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

சிக்கல் சித்தப்பா ரூபத்தில் வந்தது. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரலாமா? தோட்டத்திலிருந்து ஒரு கூடை பன்னீர் திராட்சை கொண்டுவந்திருந்தார். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். "பூராம் தண்ணிதான், குடுங்க" என்றார். திராட்சை நாய்க்கு விஷம், சிறுநீரகமே நின்றுபோகும் என்று சொன்னேன். சித்தப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "எங்க தோட்டத்துப் பழமா விஷம்? மருந்தடிச்சே மாசமாச்சு!"

மருந்தில்லை சித்தப்பா, பழமே ஆகாது, காய்ந்த திராட்சையும் ஆகாது என்றேன். அவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

அப்பத்தா கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "குடு இங்கிட்டு. தண்ணி வத்துனது எனக்குந்தான்."