எட்டாம் நாள் எடை

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண். கணக்கே வராத பிள்ளைகூட "கிராஃப் இருக்குல்ல, பாஸாயிடுவேன்" என்று தைரியமாகப் போவது அதை நம்பித்தான். அட்டவணை போட்டு, புள்ளி வைத்து, பரவளையத்தைக் கையாலேயே வளைக்க வேண்டும். நான் ஸ்கேல் வைத்து இணைத்தேன். "இது என்னடா, காத்துல ஒடிஞ்ச குடையா?" என்றார் வாத்தியார். அளவுத்திட்டம் எழுதாததற்குத் தனியாக 1 மதிப்பெண் போனது.

அந்தக் கணக்கைத் தீர்க்க இத்தனை வருஷம் கழித்து வாய்ப்பு வந்தது. மகள் காலேஜுக்காகப் பைத்தான் படிக்கிறாள். சிங்கப்பெருமாள் கோயிலில் எலெக்ட்ரிக் டிரெய்ன் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் பொத்தேரி. அந்தப் பதினைந்து நிமிஷத்திலும் மடியில் லேப்டாப்தான்.

"நம்பைன்னு ஒரு லைப்ரரிப்பா. பல்லுறுப்புக் கோவை எல்லாம் அதுவே பார்த்துக்கும்."

"யாரு, திருக்குறுங்குடி நம்பியா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

x² − 2x − 3. மைனஸ் 3-லிருந்து 5 வரை முழு எண்களாக ஒன்பது புள்ளி கொடுத்து வரையச் சொன்னேன். திரையில் வந்தது அதே ஒடிந்த குடை! படம் வரையும் லைப்ரரியான மேட்பிளாட்லிப்புக்கு வளைக்கத் தெரியாதாம். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை நேர்கோட்டால்தான் இணைக்குமாம். அதாவது, ஸ்கேல் வைக்கிறது. புள்ளிகளை நெருக்கிப் போட்டால் பார்ப்பவர் கண்தான் அதை வளைவு என்று நம்பிவிடுகிறது. லின்ஸ்பேஸ் என்று சொன்னால், எத்தனை என்று நாம் சொல்லாவிட்டாலும் 50 புள்ளி வைத்துவிடும். வாத்தியாரிடம் நான் வைத்தது வெறும் ஒன்பது. குற்றம் அவ்வளவே.

அடுத்த வம்பு கெழுக்களில். பழைய பாலி1டி-யில் பெரிய படியிலிருந்து எழுத வேண்டும்: 1, −2, −3. புதிய பாலினாமியலில் மாறிலியிலிருந்து. ஒரே மூன்று எண்ணை நான் அதில் போட்டேன், இதில் அவள் போட்டாள். எனக்குக் கிண்ணம் நிமிர்ந்திருந்தது, அவளுக்குக் கவிழ்ந்திருந்தது. மாமியார் மருமகள் மாதிரி ஒரே வீட்டில் இரண்டு வழக்கம்.

பழகிய கையோடு சொந்த வாழ்க்கையில் இறங்கினேன். எங்கள் சிங்கப்பெருமாள் கோயிலில் பாடலாத்ரி நரசிம்மர் இருப்பது குடைவரையில்; பெருமாளைச் சுற்ற வேண்டுமென்றால் மலையையே சுற்ற வேண்டும். எடை குறையட்டும் என்று ஒரு வாரம் தினமும் சுற்றினேன். சுற்றி முடித்து ஜி.எஸ்.டி. ரோட்டில் பொங்கல், வடை. (வடை இரண்டு. இங்கே பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?) திங்கள் முதல் ஞாயிறு வரை எடை, கிலோவில்: 78.2, 78.0, 78.4, 78.1, 78.6, 78.3, 78.9.

ஏழு புள்ளி இருந்தால் ஆறாம் படிக் கோவை ஒன்று அத்தனையிலும் பிசகாமல் நுழைந்து போகும். புள்ளிகளுக்குக் கோவை பொருத்தித் தரும் பாலிஃபிட்டிடம் 6 என்றேன். வளைவு ஏழு புள்ளியையும் தொட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே வளைவு திங்கள் நள்ளிரவில் என் எடை 77.4 என்றது. தூக்கத்திலேயே முக்கால் கிலோ இளைத்திருக்கிறேன்! ஆசை விடுமா? அடுத்த திங்கட்கிழமை எவ்வளவு என்று கேட்டேன்.

104.1 கிலோ.

செவ்வாய்க்கிழமை 230.6.

"ராத்திரி என்ன சாப்பிடப் போறீங்க?" என்றாள் மனைவி, நிஜமான கவலையோடு.

கார்ல் ரூங்கே என்ற ஜெர்மன்காரர் 1901-லேயே இந்தக் கூத்தின் ஒரு வகையை எழுதி வைத்திருக்கிறார்: சம இடைவெளிப் புள்ளிகள் வழியே படியை ஏற்றிக்கொண்டே போனால், சில வளைவுகளுக்கு நடுவில் ஒழுங்காக இருப்பது ஓரத்தில் பேயாட்டம் ஆடும். அதுவே புள்ளிகளுக்குள் நடப்பது. நானோ ஓரத்தையும் தாண்டிப் போய் ஆரூடம் கேட்டவன்.

"படியைக் குறைப்பா. ஒண்ணு போடு" என்றாள் மகள். போட்டேன். ஸ்கேல் வைத்த மாதிரி ஒரு நேர்கோடு. ஒரு புள்ளியிலும் சரியாகப் படவில்லை. ஒரு நாளைக்கு நூறு கிராம் ஏறுகிறீர், திங்கட்கிழமை 78.8 என்றது.

திங்கட்கிழமை காலை மெஷினில் ஏறி நின்றேன். 78.7. நேர்கோட்டுக்கு எட்டுக்கு ஏழு போட்டேன். அளவுத்திட்டம் எழுதவில்லை.