பேய்க்கு வாழ்க்கைப்பட்டவள்

அவளை நமக்கு அறிமுகம் செய்துவைப்பது அவளுடைய முதுகு. புத்தக அட்டையில் நமக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பாள். ஆனால் முகமும் தெரியும், முன்பக்கமும் தெரியும். இடுப்புக்குக் கீழே வடக்கு நோக்கிய உடம்பு, இடுப்புக்கு மேலே தென்கிழக்காகத் திரும்பியிருக்கும். கருப்புத் தோல் பேண்ட், கையில் கத்தி, பின்னால் முழுநிலா, மழை விட்ட அமெரிக்கத் தெரு. இந்த ஈரக்காற்றில் இவ்வளவு சின்னச் சட்டையோடு கிளம்பினால் பேய் அடிப்பதற்கு முன்னால் ஜலதோஷம் பிடித்துக்கொள்ளாதா என்று கேட்கிறவர்கள் அர்பன் ஃபேன்டஸி, அதாவது இன்றைய நகரத்தில் பேயும் மாயமும் உலவும் கதைகள், படிக்க லாயக்கில்லாதவர்கள்.

2012இல் ஜிம் சி. ஹைன்ஸ் என்கிற அமெரிக்க ஃபேன்டஸி எழுத்தாளர், இந்த அட்டைகளில் உள்ளபடியே தானும் வளைந்து நெளிந்து நின்று படமெடுத்து வெளியிட்டார். ஓர் ஆண்பிள்ளை அப்படி நிற்பதைப் பார்த்த பிறகுதான், மனித முதுகெலும்பு அதற்காகப் படைக்கப்பட்டதல்ல என்பது பலருக்கு உறைத்தது. எல்லோரும் சிரித்தார்கள். அட்டைகள் அதற்காகத் திருந்திவிடவில்லை.

அட்டையில் இருப்பவளும் உள்ளே இருப்பவளும் ஒருத்தியாக இருக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. பாட்ரீஷியா பிரிக்ஸின் மெர்சி தாம்ப்சன் வாஷிங்டன் மாநிலத்தில் கார் மெக்கானிக். நினைத்தால் கொயோட்டாக, அதாவது நரிக்கும் ஓநாய்க்கும் நடுவாந்தரமான ஒரு பிராணியாக, மாறிவிடுவாள். கதைப்படி அவள் குத்திக்கொண்டிருப்பது ஒரே ஒரு பச்சை, தொப்புளுக்குக் கீழே ஒரு பாதத்தடம். அட்டையில் பார்த்தால் கை கொள்ளாத பச்சை. கையில் ஒரு ஸ்பேனரையாவது கொடுத்தார்களே, அதுவரை புண்ணியம்.

இந்தக் கதைகளின் நாயகிக்கு வயது இருபத்தைந்துக்கு மேல், முப்பதைத் தொட்டும் தொடாமலும். அம்மா உயிரோடு இருப்பது அபூர்வம். அப்பா உயிரோடு இருந்தால் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். இலோனா ஆண்ட்ரூஸின் கேட் டேனியல்ஸ் கதைகளில் வருவதுபோல, ஊரே நடுங்கும் வில்லன் அவராக இருக்கலாம். கூடப் பிறந்தவள் இருந்தால் அவள் கொலையாவதற்கென்றே பிறந்தவள். கேரன் மேரி மோனிங்கின் மேக், 2006இல் வெளிவந்த முதல் நாவலில் டப்ளினுக்கு விமானம் ஏறுவதே அக்காவைக் கொன்றவனைத் தேடித்தான்.

தோழியா? மூச்! இத்தனைக்கும் முந்தைய தலைமுறை அப்படியில்லை. 1987இல் எம்மா புல் எழுதிய 'வார் ஃபார் தி ஓக்ஸ்' நாவலில் வரும் எடி, மினியாபொலிஸ் நகரத்து ராக் பாடகி. மாயலோகத்தார் சண்டையில் சிக்கிச் சீரழிந்தபோதும் டிரம்ஸ் வாசிக்கிற கார்லா அவள் பக்கத்திலேயே இருந்தாள். 1997இல் தொலைக்காட்சிக்கு வந்த ரத்தக்காட்டேரி வேட்டைக்காரி பஃபிக்கு வில்லோ என்ற தோழி இருந்தாள். பிறகு வந்த பலருக்கோ, கதையில் எதிர்ப்படும் மற்றப் பெண்கள் பொறாமைக்காரியாகவோ துரோகியாகவோ பிணமாகவோதான் வருகிறார்கள். கிம் ஹாரிசனின் ரேச்சல் மார்கனுக்கு மட்டும் ஐவி என்று ஒரு தோழி அமைந்தாள். சின்சினாட்டியை ஒட்டி ஒரு தேவாலயத்தையே வீடாக்கிக்கொண்டு இருவரும் குடியிருந்தார்கள். அந்த ஐவி ஒரு ரத்தக்காட்டேரி. ரேச்சலின் கழுத்தைப் பார்த்தால் அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறும். கிடைத்ததே ஒரு தோழி, அவளும் இப்படி.

சரி, குறையே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி? எனக்கு இந்தப் பெண்களிடம் பிடித்தது அவர்கள் வேலைக்குப் போவது. ராஜகுமாரிகளைப் படித்துப் படித்து அலுத்த கண்ணுக்கு, மாதக்கடைசியில் வாடகைக்குத் திண்டாடும் சூனியக்காரி எவ்வளவு ஆறுதல்! சார்லைன் ஹாரிஸின் சூக்கி 2001இல் லூசியானாவின் ஒரு சின்ன ஊர் மதுக்கடையில் பரிமாறுகிறவளாக வந்தாள். பிறர் மனதில் ஓடுவதெல்லாம் அவள் காதில் விழும். குடிக்க வந்தவன் மனதில் என்ன ஓடும்? அத்தனையையும் கேட்டுக்கொண்டு, சிரித்த முகத்தோடு பீரை வைத்துவிட்டு டிப்ஸை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வாள். கேரி வானின் கிட்டி, டென்வர் வானொலியில் நள்ளிரவு நிகழ்ச்சி நடத்தும் ஓநாய்ப் பெண். ரத்தக்காட்டேரிகள் போன் செய்து தங்கள் மனக்கஷ்டத்தைச் சொல்லி அழுவார்கள். ஷானன் மெக்வைரின் டோபி, சான்ஃபிரான்சிஸ்கோவில் யாரோ வைத்த மாயத்தால் பதினான்கு வருடம் ஒரு குளத்தில் மீனாகக் கிடந்து எழுந்து வருகிறாள். கூட வாழ்ந்தவன் போனான், மகள் முகம் கொடுக்கவில்லை. அடுத்து அவள் செய்வது என்ன? சேஃப்வே பேரங்காடியில் இரவு ஷிஃப்டில் பில் போடுகிறாள். சாபத்திலிருந்து மீண்டவள் சம்பளத்துக்கு நிற்கிற அந்த இடத்தில் நான் எழுத்தாளருக்கு மானசீகமாக ஒரு கும்பிடு போட்டேன்.

இந்த வேலைதான் முதலில் போகும். இரண்டாம் பாகத்தில் லீவு போடுவாள். நான்காம் பாகத்தில் லீவு சொல்லவும் மாட்டாள், வேலைக்கும் போகமாட்டாள். வாடகை யார் கட்டுகிறார்கள் என்ற கேள்வியே காணாமல் போய்விடும். அதற்குள் அவள் ஓநாய்க் கூட்டத் தலைவனின் துணைவி, அல்லது தேவதை அரசின் வாரிசு, அல்லது இரண்டும். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஏறினவள் மரத்திலேயே குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடுகிறாள் என்பதுதான் என் புகார்.

இந்த வீழ்ச்சிக்கு ஆகச் சிறந்த உதாரணம் அனிதா பிளேக். லாரல் கே. ஹாமில்டன் 1993இல் அவளைக் கொண்டுவந்தபோது செயின்ட் லூயிஸ் நகரத்தில் அவள் தொழில், இறந்தவர்களை எழுப்புவது. செத்துப்போனவரையே எழுப்பி உயில் தகராறில் சாட்சி கேட்கிற வேலை! வக்கீல்கள் அவளிடம் நேரம் வாங்கிக்கொண்டு வருவார்கள். சாமான்ய உயரம்கூட இல்லாத பெண், யாருக்கும் பயப்படாத வாய், கறாரான ஒழுக்கம். 2001இல் வந்த 'நார்சிசஸ் இன் செயின்ஸ்' நாவலில் அவளுக்கு ஒரு மாயப் பசி தொற்றியது. அந்தப் பசி சோற்றில் அடங்காது. எதில் அடங்கும் என்பதைப் பெரியவர்கள் தாமே ஊகித்துக்கொள்ளலாம். அதன் பிறகு உயில் கேஸ்கள் வரிசையில் காத்திருக்க, ஆண்கள் வரிசை நீண்டுகொண்டே போனது. அவள் யாரோடு இருந்தால் எனக்கென்ன? கல்லறையில் ஆட்டைப் பலி கொடுத்து ஒரு கஞ்சக் கிழவரை எழுப்பும் காட்சி இனி வரும் பாகத்தில் உண்டா இல்லையா என்பதுதான் என் கவலை.

இந்தக் கதைகளில் வரும் ஆண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரத்தக்காட்டேரி என்றால் அவனுக்கு வயது முந்நூறு சொச்சம். முந்நூறு வருடத்தில் பல நாடு பார்த்தவன், பல பாஷை தெரிந்தவன்; இவளைக் கண்டதும் சொல்வது மட்டும், "நீ மற்றப் பெண்களைப் போல இல்லை." ஓநாய் ஜாதிக்காரன் என்றால் பேசக்கூட மாட்டான், மோந்து பார்ப்பான். குளித்து மூன்று நாளாகி, சாக்கடையில் விழுந்து எழுந்து வந்திருந்தாலும் அவளிடம் ஏதோ ஒரு காட்டுப்பூ வாசனை அவனுக்கு அடித்துவிடும். பிறகு, "நீ இங்கேயே இரு, வெளியே போகாதே" என்பான். "அதைச் சொல்ல நீ யார்?" என்று அவள் எகிறுவாள். இதுவரை நான் அவள் கட்சி. அடுத்த அத்தியாயத்தில் யாரிடமும் சொல்லாமல், போனையும் மறந்துவிட்டு, பாழடைந்த கிடங்குக்குத் தனியாகப் போய் மாட்டிக்கொள்வாள். வாக்குவாதத்தில் அவள் ஜெயித்தாள். கதையை நடத்துகிறவர் அவன் சொன்னதே சரி என்று ஆக்கிவிடுகிறார். அடி வாங்குவாள், விலா எலும்பு முறியும், மறுநாள் காலை நக்கலாக ஒரு வசனம் பேசுவாள். தைரியசாலி என்பதற்கு இவர்கள் வைத்திருக்கும் அளவுகோல், எத்தனை அடி தாங்கினாள் என்பது. ஒரு தடவையாவது திட்டம் போட்டு, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய், அடி படாமல் வீட்டுக்கு வந்தால் தைரியம் குறைந்துவிடுமா?

உடம்பின்மேல் நடக்கும் பலாத்காரத்தைக் கதைக்கு முடுக்கம் கொடுக்கும் சாதனமாக எடுத்துக்கொள்கிறார்களே, அதில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பிரிக்ஸ் 2008இல் மெர்சிக்கு அந்தக் கொடுமையை எழுதினார். ஆனால் அடுத்த நாவலிலும் அதன் நடுக்கத்தை விடாமல் எழுதினார். பல எழுத்தாளர்களுக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை.

ஆண் கதாநாயகன் சொல்லும் கதையாக இருந்தால் பெண்ணின் கதி வேறு மாதிரி. ஜிம் புட்சரின் சிகாகோ மந்திரவாதி ஹாரி டிரெஸ்டன், அறைக்குள் நுழையும் பெண்ணின் உடம்பை முதலில் அளந்துவிட்டுத்தான் அவள் வந்த காரியத்தைச் சொல்வான். அவன் தோழி கேரின் மர்ஃபி போலீஸ் அதிகாரி. உன் நன்மைக்காகத்தான் என்று ஆரம்ப நாவல்களில் அவளிடம் விஷயங்களை மறைத்து, அதனாலேயே அவளை ஆபத்தில் தள்ளினான். 2000இல் தொடங்கியவள் 2020வரை தாக்குப்பிடித்தாள். கடைசியில் பூதாகாரமான ஓர் அசுரனைத் தனியாளாக வீழ்த்தினாள். வீழ்த்திய கையோடு, பதற்றத்தில் இருந்த ஒரு போலீஸ்காரனின் துப்பாக்கி தவறுதலாக வெடித்துச் செத்துப்போனாள். அந்தப் பக்கத்தைப் படித்தபோது நான் எழுப்பிய சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு மாமி வந்து கதவைத் தட்டினார்கள்.

இவ்வளவு திட்டியும் ஏன் படிக்கிறேன்? மெர்சி தன் இடத்தில் ஓர் ஓட்டை வோக்ஸ்வேகன் ராபிட் காரை நிறுத்தி வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டில் குடியிருப்பவன் ஓநாய்த் தலைவன், சுத்தம் சுத்தம் என்று உயிரை விடுகிறவன். அவன் அதிகாரம் பண்ணும்போதெல்லாம் இவள் அந்தக் காரிலிருந்து ஏதாவது ஒன்றைக் கழற்றி, அது அவன் கண்ணில் படுமாறு விட்டுவைப்பாள். கத்தியில்லை, ரத்தமில்லை. இந்தச் சண்டைக்காக எத்தனை பாகம் வேண்டுமானாலும் படிக்கலாம்.

சூக்கியின் கதை 2013இல் பதின்மூன்றாவது நாவலோடு முடிந்தது. ரத்தக்காட்டேரிகளில் யாராவது ஒருவனோடு அவள் சேரவேண்டும் என்று வருடக்கணக்கில் கட்சி கட்டியிருந்த வாசகர்கள் கொதித்துப்போனார்கள். ஏனென்றால் அவள் கடைசியில் தேர்ந்தெடுத்தது அவள் வேலை செய்த மதுக்கடையின் சொந்தக்காரர் சாமை. எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. பகலில் நடமாடுகிற மனுஷர், சொந்தக் கடை, சனிக்கிழமை ஷிஃப்டுக்கு ஆள் வராவிட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்தவர். அவரும் நினைத்தால் கோலி ரக நாயாக மாறிவிடுவார் என்பது வாஸ்தவம்தான். மாறட்டுமே, கடைக்குக் காவல் ஆயிற்று.