ஓட்டைப் பாருங்கள்!

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டு வாசல் நிலையில் 1108 என்று செதுக்கியிருக்கிறது. முதலாம் குலோத்துங்கன் காலத்து வீடு என்று என் மைத்துனர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். தொல்லியல் துறைக்கு எழுதலாமா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: எழுதுங்கள், மைத்துனர் பெயரிலேயே எழுதுங்கள். 1108-இல் குலோத்துங்கன் அரியணையில் இருந்தது உண்மைதான். ஆனால் அவருக்கு இங்கிலீஷ் வருஷம் தெரியாது. நிலையைச் செதுக்கியபோது உங்கள் ஊர் திருவிதாங்கூர். ஆசாரி செதுக்கியது கொல்லம் ஆண்டு. அதோடு 824 அல்லது 825-ஐக் கூட்டுங்கள். ஆவணியில் வருஷம் பிறப்பதால்தான் இந்த ஒன்று இடிக்கிறது. விடை 1932–33.

மைத்துனர் ஒப்புக்கொள்ளவில்லையா? நிமிர்ந்து ஓட்டைப் பாருங்கள். (ஓட்டையை அல்ல, ஓட்டை!) தட்டையாக, ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு, கம்பெனி முத்திரையோடு இருந்தால் அது மங்களூர் ஓடு. பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதே 1865-இல்தான். அதற்கு முந்தைய கூரை அதுவாக இருக்க முடியாது. ஒரு எச்சரிக்கை: நாட்டு ஓட்டை இறக்கிவிட்டுச் சீமை ஓடு மாற்றிய வீடுகள் ஏராளம். கூரைச் சட்டங்களில் இப்போதைய ரீப்பரோடு பொருந்தாத பழைய ஆணித் தழும்புகள் தெரிந்தால், வீடு ஓட்டைவிட மூத்தது. அப்போதும் குலோத்துங்கனுக்கு இளையதுதான்.

கேள்வி: எங்கள் வீட்டு நெற்றியில் கஜலட்சுமிக்குக் கீழே ‘யுவ வருஷம்’ என்று சுதையில் இருக்கிறது. எந்த வருஷம்? – வாசகி, கும்பகோணம்

பதில்: 1875, 1935, 1995. இவற்றில் ஒன்று. அறுபது வருஷச் சுற்றில் இதுதான் தொல்லை. கூடத்தில் நின்று மேலே பாருங்கள். மரச்சட்டங்களுக்கு மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தாக, சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பு பூசியிருந்தால் அது மெட்ராஸ் டெரஸ். 1995-இல் யாரும் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. சட்டத்தைத் தாங்குவது இரும்பு உத்தரமா? துடைத்துப் பாருங்கள், ஆலையின் பெயர் இருக்கும். ‘டாடா’ என்றிருந்தால் 1875-உம் அடிபட்டது. அவர்கள் எஃகு உருக்கத் தொடங்கியது 1912-இல். கஜலட்சுமி எதுவும் சொல்லமாட்டாள். அவளுக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிறோம்.

கேள்வி: கீழே திண்ணை, மரத்தூண் தாழ்வாரம். மாடியில் வளைவு ஜன்னல், பலகை அடுக்குக் கதவு. கட்டும்போது பாதியில் கொள்ளுத்தாத்தாவுக்கு மனம் மாறிவிட்டதா? – வாசகர், புதுச்சேரி

பதில்: மனம் மாறவில்லை, கையில் காசு சேர்ந்தது. கீழ்த்தளம் தமிழ், மேல்தளம் பிரெஞ்சு என்பது உங்கள் ஊருக்கே உரிய தனி ஜாதி வீடு. வைசியாள் வீதியில் ஒரு நடை போய்வாருங்கள், சொந்தக்காரர்கள் தெரிவார்கள். பிரெஞ்சுக்காரர் பகுதியில் உயர்ந்த மதில், மூடிய கேட், தோட்டமெல்லாம் உள்ளே. வழிப்போக்கன் உட்கார ஓரிடமும் கிடையாது. உங்கள் கொள்ளுத்தாத்தா மாடியில் துரையாக நின்றாலும் வாசலில் திண்ணையை விடவில்லை. நீங்கள் அதற்குக் கம்பிக் கதவு போடாமல் இருந்தால் சரி.

கேள்வி: மாம்பலத்துத் தாத்தா வீட்டில் வட்டமான மூலை, கப்பல் ஜன்னல். புரோக்கர் ‘கலோனியல் பங்களா’ என்கிறார். – வாசகி, சென்னை

பதில்: அவர் கமிஷனுக்காகச் சொல்கிறார். அது ஆர்ட் டெக்கோ. 1925-இல் பாரிஸில் நடந்த கண்காட்சியிலிருந்து உலகம் சுற்றிய ஃபேஷன். ஜன்னலுக்கு மேல் புருவம்போல நீளும் சன்ஷேடு, படிப்படியாக ஏறும் கைப்பிடிச் சுவர், கேட்டில் விரியும் சூரியக் கதிர்கள், இவையெல்லாம் அதன் அடையாளம். கதிரைப் பார்த்துத் தாத்தாவைக் கட்சிக்காரர் ஆக்கிவிடாதீர்கள். தி.மு. கழகம் பிறந்தது 1949-இல். பாரிமுனை டேர் ஹவுஸும் இதே குடும்பம்தான். வேடிக்கை என்னவென்றால், ‘ஆர்ட் டெக்கோ’ என்ற பெயர் பரவலானதே 1960-களில். தாத்தாவைக் கேட்டிருந்தால் ‘புது மாடல்’ என்றுதான் சொல்லியிருப்பார்.

கேள்வி: காரைக்குடியிலிருந்து இரண்டு தூண், கொஞ்சம் ஆத்தங்குடி டைல்ஸ் வாங்கிப் பதித்தேன். ‘செட்டிநாட்டு வீடு’ என்று போர்டு மாட்டலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தூண் செட்டிநாடு. வீடு கோயம்புத்தூர்.

கேள்வி: பங்காளிகள் சம்மதித்துவிட்டார்கள், அடுத்த மாசம் வீட்டை இடிக்கிறோம். நினைவுக்கு எதைப் படமெடுக்கலாம்? – வாசகர், தேவகோட்டை

பதில்: முகப்பின் முன்னால் குடும்பத்தோடு நிற்கிற படம் எல்லோரிடமும் இருக்கும். முகப்பில் நின்று, வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டையும் தாண்டிப் பின்வாசல்வரை ஒரே பார்வையில் எடுங்கள். செட்டிநாட்டு வீடு என்பது அந்த நேர்கோடுதான். பிறகு கட்டுக்குக் கட்டு டேப்பால் அளந்து ஒரு வரைபடம். இடிப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்காளிகளை வேனில் ஏற்றி முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள். உங்கள் செட்டிநாட்டு வீடொன்று அங்கே கழற்றிக் கொண்டுபோய் மறுபடி பூட்டப்பட்டு நிற்கிறது. டிக்கெட் வாங்கித்தான் பார்க்க வேண்டும்.