நான் ஒரு கொப்பரை பேசுகிறேன்

கட்டுரை எத்தனை வகை, எதற்கு எப்படிச் சட்டகம் போடுவது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் ஒரு வயிற்றெரிச்சலைக் கொட்டியாக வேண்டும்.

நேற்று எதிர்வீட்டுப் பையன், எட்டாம் வகுப்பு, 'எங்கள் ஊர்த் திருவிழா' எழுதிக்கொண்டு வந்து நீட்டினான். "எங்கள் ஊர் பச்சைப்பசேலென்ற வயல்கள் சூழ்ந்த சிற்றூர். ஊர்க்கோடியில் ஆறு சலசலவென ஓடுகிறது." ஜன்னலைத் திறந்தால் 217 அடி ராஜகோபுரம் தெரிகிற வீட்டுப் பயல்!

"டேய், திருவண்ணாமலையில எந்த ஆறுடா?"

"நோட்ஸ்ல இருக்கற ஆறு அங்கிள். மாத்தினா மார்க் போயிடும்."

முடிவுரையைப் பார்த்தேன். 2020-இல் இந்தியா வல்லரசாகுமாம். அந்த வருஷம் வந்து போன சேதி நோட்ஸுக்கு இன்னும் எட்டவில்லை.

முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் அடிக்கோடிட்ட உட்தலைப்புகள். கோட்டை எண்ணித்தானே மார்க்? அதற்கும் எங்களூரில் பஞ்சமில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இந்திர லிங்கம் தொடங்கி ஈசானிய லிங்கம் வரை எட்டு உட்தலைப்புகள் கல்லாகவே உட்கார்ந்திருக்கின்றன.

எனக்கு ஆகவே ஆகாதது தன்வரலாற்றுக் கட்டுரை. குடை பேசும், நாற்காலி பேசும், கிழிந்த ரூபாய் நோட்டு பேசும். எல்லாவற்றுக்கும் ஒரே ஜாதகம்: ஆலையில் பிறப்பு, கடையில் இளமை, நல்லவர் வீட்டில் வாழ்வு, கடைசியில் பழைய இரும்புக் கடை. ரூபாய் நோட்டுகூட எப்படியோ அங்கேதான் போய்ச் சேரும். கண்ணை மூடுமுன் மாணவர்களுக்கு ஓர் அறிவுரை வேறு.

சரி, எங்கள் தீபக் கொப்பரையைப் பேசவிடுவோம். "நான் ஒரு கொப்பரை பேசுகிறேன். செம்பில் பிறந்தேன். கார்த்திகை வந்தால் என்னைத் தோளில் சுமந்து 2,668 அடி மலையுச்சிக்கு ஏற்றுவார்கள். நெய்யை ஊற்றுவார்கள், காடாத் துணியைத் திரித்துத் திணிப்பார்கள். கோயிலில் பரணி தீபம் விடியற்காலையிலேயே ஏற்றியாகிவிடும். நான் மட்டும் மாலை ஆறு மணிவரை காத்துக் கிடப்பேன். கீழே அர்த்தநாரீசுவரர் ஆடிவந்து கண்மூடித் திறப்பதற்குள் காட்சி தந்து போவார். உடனே பருவதராஜ குலத்தார் என்னைப் பற்றவைப்பார்கள். 11 நாள் எரிவேன். இறங்கி வந்ததும் என் வயிற்றுக் கரி ஆருத்ரா தரிசனத்தில் நடராஜருக்கு மையாகும், பிறகு பக்தர்களுக்குப் பிரசாதமாகும், பிறகு..."

நிறுத்து, நிறுத்து. இரும்புக் கடை எங்கே? அறிவுரை எங்கே? அடுத்த வருஷமும் மலையேறப் போகிறவனுக்கு முடிவுரை எப்படி எழுதுவது? பத்துக்கு நாலு. அதுவும் கையெழுத்துக்காக.

விளக்கக் கட்டுரை, வருணனைக் கட்டுரைக்கெல்லாம் இனி இடமில்லை. விவாதக் கட்டுரைக்குத் தலைப்பு வேண்டுமென்றால் பௌர்ணமியன்று எங்கள் தெருவுக்கு வாருங்கள்: 'அடுத்தவன் வாசலை அடைத்து வெளியூர்க் கார் நிறுத்தலாமா, கூடாதா?' இரண்டு தரப்பையும் சமமாகச் சொல்லிவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டுமாம். ஒரு தரப்பை நான் சொல்கிறேன். இன்னொன்றைக் கார்க்காரன் வந்து சொல்லட்டும், முதலில் வண்டியை எடுத்துவிட்டு.