வேகக்காரனை வித்த சந்தை

மருமகன், ஸ்காபரோவில இருந்துகொண்டு பஃபலோ பில்ஸ் அணிக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கிறியே, அந்த உத்தியோகத்துக்குச் சம்பளம் எவ்வளவு எண்டு உன்ட அம்மா கேக்கிறா. சம்பளம் இல்ல அக்கா, கைக்காசு போட்டுச் செய்யிற உத்தியோகம் எண்டு சொல்லி வச்சிருக்கன். அவ நம்பல்ல.

சித்திரை வருசம் பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் போனா உனக்கு இந்தக் காய்ச்சல் வந்திடும். கைவிசேசம் அனுப்ப மறந்தாலும் மறப்பாய், அந்த அமெரிக்கன் ஃபுட்பால் ட்ராஃப்டை மறக்கமாட்டாய். அங்க இரவு 8 மணிக்குத் தொடங்கினா இஞ்ச விடிய 5.30. அம்பிலாந்துறைப் படகுப் பாதைக்கு ஆக்கள் துறையடியில சேருற நேரம். அந்த நேரத்தில போன் எடுத்து, "மாமா, ரிசீவரை விட்டுட்டானுகள்" எண்டு ஒப்பாரி வச்சா பக்கத்தில நிக்கிறவங்க என்ன நினைப்பாங்க? ஆரும் மோசம் போயிட்டாங்களோ எண்டு ஒரு மனிசன் சைக்கிளால இறங்கிக் கேட்டுட்டார். ஆள் மோசம் போகல்ல, இருபத்தெட்டாம் நம்பர் கைவிட்டுப் போயிட்டு எண்டு நான் விளக்கம் சொல்ல, அந்தாள் என்னை ஒரு மாதிரிப் பாத்துப்போட்டுப் போனார்.

நானும் சும்மா கேட்டுக்கொண்டு இருக்கல்ல கண்டியோ. நீ கதைச்சுக் கதைச்சு எனக்கும் பாடமாயிட்டு. மொத்தம் 32 அணி, ஏழு சுற்று. பள்ளிக்கூடம், கெம்பஸ் எண்டு விளையாடி வாற பொடியன்களை ஒவ்வொருத்தனா எடுக்கிறது. போன வருசம் கேவலமாத் தோத்தவனுக்கு முதல் இடம், கிண்ணம் வெண்டவனுக்குக் கடைசி இடம். 1936 இல இருந்து இப்பிடித்தானாம். நல்ல ஏற்பாடு. நம்மட பக்கம் தோத்தவனுக்குக் கிடைக்கிறது வசைப்பாட்டுத்தான்.

ரிசீவர் எண்டா, குவாட்டர்பேக் எறியிற முட்டைப் பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கிறவன். அந்தப் பந்து ஏன் முட்டை மாதிரிக் கிடக்கு எண்டு நான் இதுவரைக்கும் கேக்கல்ல, இனியும் கேக்கமாட்டன். நியூ ஓர்லியன்சில இருந்து மட்டக்களப்புக்கு வந்த இயேசு சபைப் பாதிரிமார் கூடைப்பந்தைத்தான் கொண்டுவந்து புனித மிக்கேல் கல்லூரியில இறக்கினாங்க. வெபர் ஃபாதர்ட பேரில டவுனுக்குள்ள மைதானமே கிடக்கு. முட்டைப் பந்தை அவங்க தங்கட ஊரிலயே விட்டுட்டு வந்தது பெரிய புண்ணியம். இல்லாட்டி நானும் உன்னைப்போல விடியக் காலமை தலையில அடிச்சுக்கொண்டு திரிவன். 2012 இல இந்தியாவில எலைட் ஃபுட்பால் லீக் எண்டு ஒண்டு தொடங்கி, சென்னை சுவார்ம், கொழும்பு லயன்ஸ் எண்டெல்லாம் பேர் வச்சாங்க. அது இஞ்ச வேர் பிடிக்கல்ல. நமக்கு அந்தளவு பொறுமை இல்ல, ஒரு தரம் விழுந்து எழும்பினதும் கூட்டம் கூடிக் கதைக்கிற விளையாட்டு அது.

சரி, உன்ட வழக்குக்கு வருவம்.

2024 சித்திரையில பில்ஸ் தங்கட பெரிய ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸை ஹூஸ்டனுக்குக் குடுத்துப்போட்டு நிண்டாங்க. கையில 28 ஆம் இடம். எல்லாரும் ரிசீவர் வருவான் எண்டு வாயைப் பிளந்துகொண்டு இருக்க, மனேஜர் பிராண்டன் பீன் அந்த இடத்தைக் கொண்டுபோய் ஆருக்கு வித்தார்? கன்சாஸ் சிட்டி சீஃப்ஸுக்கு. பில்ஸைத் திரும்பத் திரும்ப வீட்டுக்கு அனுப்பின அதே ஆக்களுக்கு. அவங்க அந்த இடத்தில சேவியர் வொர்தியை எடுத்தாங்க. ட்ராஃப்டுக்கு முந்தி வைக்கிற ஓட்டச் சோதனையில 40 யார் தூரத்தை 4.21 செக்கனில ஓடி, புதுச் சாதனை வச்ச பொடியன். பீன் அங்கால 32 க்கு இறங்கி, அதையும் கரோலைனாவுக்குத் தள்ளிவிட்டு, 33 இல கியோன் கோல்மனை எடுத்தார். கோல்மன் நெட்டைப் பொடியன், கெம்பஸில கூடைப்பந்தும் விளையாடினவன், நம்மட மிக்கேல் பொடியன்களுக்குப் பிடிச்சிருக்கும். ஆனா 40 யாருக்கு 4.61 செக்கன். அண்டைக்கு நீ போனில அழுத அழுகை இருக்கே, மாமி அடுப்பில பால் பொங்கினதையும் விட்டுட்டு வந்து எட்டிப் பாத்தா.

அந்த நேரம் உனக்கு நான் ஆறுதல்தான் சொன்னன். இப்ப ஒள்ளுப்பம் நோகச் சொல்லப்போறன், கோவிக்காத.

அடுத்த மாசிக்கு முதல், 2025 தை 26 ஆந் திகதி, கன்சாஸ் சிட்டியில அரையிறுதி மாதிரி ஒரு ஆட்டம். இஞ்ச மறுநாள் விடிய 5 மணி. நீ வீடியோவில போனைப் பிடிச்சு டிவியைக் காட்டிக் காட்டி என்னையும் எழுப்பிப்போட்டாய். வொர்தி டச்டவுண் ஒண்டு போட்டான். மறுகா ஒரு பந்து மேலால வர, அவனும் பில்ஸ் பொடியன் கோல் பிஷப்பும் ஒண்டாப் பாய்ஞ்சு, பந்து நாலு கைக்குள்ள. நடுவர் வொர்தியின் பக்கம் குடுத்தார். பில்ஸ் முறையிட்டும் மாத்தல்ல. பிஷப் ஆர் தெரியுமா? அதே 2024 சந்தையில பில்ஸ் ரெண்டாஞ் சுற்றில எடுத்த பொடியன். கடைசியில 32 க்கு 29, பில்ஸ் வீட்டுக்கு. நீ அண்டைக்குச் சொன்னது என்ன? "மாமா, நாங்களே வித்தவன் எங்களை அடிச்சிட்டான்."

நல்ல வசனம். நாடகத்துக்கு ஆகும்.

ஆனா மருமகன், அந்த ஆட்டத்தின் கடைசிப் பந்தை ஆர் விட்டது? நாலாவது முயற்சி, பில்ஸ் குவாட்டர்பேக் ஜொஷ் அலனை நாலு பக்கத்தாலும் வளைச்சிட்டாங்க. அவர் பின்னுக்குப் போய்ப் போய் எப்பிடியோ ஒண்டை எறிய, அது டால்டன் கின்கேடின் கைக்கு வந்து நழுவிட்டு. சரி, சுகமான பந்து இல்ல, விழுந்து பிடிக்க வேண்டியது. ஆனா அந்தக் கின்கேடை 2023 இல எப்பிடி எடுத்தாங்க எண்டு ஞாபகம் இருக்கா? 27 இல இருந்த பில்ஸ், கூட ஒரு இடத்தையும் கைவிட்டுக் குடுத்து, 25 க்கு மேல ஏறி எடுத்தாங்க. அண்டைக்கு நீ கைதட்டினாய். "எங்கட மனேஜருக்குத் துணிவு கிடக்கு" எண்டாய். இறங்கினதுக்கு ஒரு வருசமா ஏசுறாய், ஏறினதைப் பற்றி ஒரு சொல்லுக் கிடையாது. கின்கேட் எதிரியிட்ட போகல்லையே, அதுதான் உனக்கு அவன் ஞாபகத்தில நிக்கல்ல.

இன்னொண்டு கேள். கோல்மனுக்கு அடுத்த இடம் 34. அதில ஆர் போனான்? லாட் மக்கொங்கி. சார்ஜர்ஸ் எடுத்தாங்க. முதல் வருசத்திலயே 82 பந்து பிடிச்சு 1,149 யார், ஏழு டச்டவுண். நீ அழுதழுது கொண்டாடுற வொர்தி 59 பந்து, 638 யார். நீ திட்டித் தீர்த்த கோல்மன் மணிக்கட்டு நோவால நாலு ஆட்டம் விளையாடாம இருந்தும் 29 பந்து, 556 யார். பந்து குறைவுதான், ஆனா பிடிச்ச ஒவ்வொண்டும் நீளம். இதெல்லாம் நீயே எனக்கு அனுப்பின கணக்கு, நான் நோட்டுக் கொப்பியில எழுதி வச்சிருக்கன். அண்டைக்கு விடியக் காலமை என்னோட கதைச்ச ஒண்டரை மணித்தியாலத்தில மக்கொங்கி எண்ட பேர் உன்ட வாயில ஒருக்காவாவது வந்ததா? வரல்ல. வந்திருந்தா எனக்கு ஞாபகம் இருக்கும், மக்கோனாப் பக்கத்துப் பொடியனோ எண்டு கேட்டிருப்பன்.

அப்ப நீ அழுதது நல்ல ரிசீவர் போயிட்டான் எண்டதுக்கு இல்ல. எதிரிக்குப் போயிட்டான் எண்டதுக்கு. இது ஊர்ப் பொறாமை மனே, பனி கொட்டுற தேசத்துக்குப் போயும் உனக்கு அது விட்டுப் போகல்ல. ஒரு வகையில எனக்குச் சந்தோசந்தான்.

நம்மட கொம்புமுறியைப் பற்றி உன்ட அப்பப்பா சொல்லியிருப்பார். கண்ணகை அம்மனுக்கு விளையாடுறது. ஊர் ரெண்டாப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகை பக்கம். காட்டுக்குள்ள போய்த் தேடி வளைஞ்ச கொம்பாப் பாத்து வெட்டி வந்து, ரெண்டையும் ஒண்டுக்குள்ள ஒண்டு கொளுவி, கயிறு கட்டி ரெண்டு சேரியும் இழுக்கும். ஆர்ட கொம்பு முறியுதோ அவங்க தோல்வி. சிங்களச் சனம் இதை அங்கெலிய எண்டு பத்தினித் தெய்வத்துக்கு விளையாடும். கொம்பு தெரியிற அண்டைக்கு எல்லாரும் தலையாட்டிக்கொண்டு நிப்பாங்க. அது முறிஞ்ச உடன தோத்த சேரியில வயசு போனது, பொடிசு எல்லாத்துக்கும் ஒரே கதை: "நான் அண்டைக்கே சொன்னன், மற்றக் கொம்பை எடு எண்டு." அண்டைக்கு ஆரிட்டச் சொன்னாய் எண்டு கேட்டா, சொன்னதைக் கேட்டவர் இப்ப உயிரோட இருக்கமாட்டார்.

உனக்கு ஞாயமான ஒரு சந்தேகம் வரும், அப்ப மனேஜர் செய்தது சரியோ எண்டு. நான் அதுவும் சொல்லல்ல. இறங்கினதால பில்ஸுக்குக் கிடைச்சதில முக்கியமானது மூண்டாஞ் சுற்றில ஒரு தடுப்புக்காரன், பிந்தி ஒரு நடுவாள். ரெண்டு பேரும் பேர் சொல்லி ஊர் அழுற ஆக்கள் இல்ல. பொருளை ஆருக்கும் விக்கலாம், பக்கத்து வளவில நிண்டு சண்டை பிடிக்கிறவனுக்கு விக்கக்க விலையில இன்னும் ரெண்டு பங்கு கேட்டிருக்க வேணும். அதில மனேஜர் ஒள்ளுப்பம் கையைச் சுருக்கிட்டார் எண்டது என்ட தீர்ப்பு. ஆனா பேரம் எண்டாலே ஒருத்தன் ஏமாறவேணும் எண்டு நீ நினைக்கிறாய் பார், அது பிழை. 2020 இல டிக்ஸை மின்னசோட்டாவிட்ட வாங்க பில்ஸ் முதற் சுற்று இடத்தைக் குடுத்தாங்க. அந்த 22 ஆம் இடத்தில மின்னசோட்டா எடுத்தது ஜஸ்டின் ஜெஃபர்சனை. அவன் உலகத்திலயே பெரிய ரிசீவர்களில ஒருத்தனா வந்திட்டான். டிக்ஸ் பஃபலோவில முதல் வருசத்திலயே 127 பந்து, 1,535 யார், அந்த வருசம் லீக்கில அவர்தான் முன்னுக்கு. ஜொஷ் அலனை ஆளாக்கினதில டிக்ஸுக்கும் பங்கு உண்டு. ரெண்டு பேரும் வெண்ட பேரம். அதைப் பற்றி நீ ஒருநாளும் விடியக் காலமை போன் எடுக்கல்ல.

2025 சித்திரையில நடந்தது இன்னும் பகிடி. முதற் சுற்றில பில்ஸ் எடுத்தது பந்தைத் தடுக்கிறவன். ரிசீவர் எண்டு ஒருத்தன் வந்தது ஏழாஞ் சுற்றில. பஃபலோ வானொலியில ரெண்டு பேர் இருந்து மனேஜரைக் கிழிச்சாங்க. அந்தாள் பேசாம இருக்கல்ல, அதே நிகழ்ச்சிக்கு வந்து திருப்பிக் குடுத்தார். போன வருசம் புள்ளி எடுத்ததில நாங்கள் லீக்கில மேல நிண்டம், ரிசீவர் ரிசீவர் எண்டு ஏன் கத்துறீங்க எண்டு. அதோட விடல்ல. 2018 இல நான் ஜொஷ் அலனை எடுக்க நீங்க முணுமுணுத்தீங்க, ஜொஷ் ரோசன் வேணும் எண்டீங்க எண்டு பழைய பாக்கியையும் இழுத்து விட்டார். அலன் 2024 க்கு லீக்கின்ட சிறந்த வீரர். ரோசன் ஒரு வருசத்தில அணி மாறி, அங்கால அணி அணியாத் திரிஞ்சு போயிட்டார்.

இதை நீதான் எனக்குச் சொன்னாய், சிரிச்சுச் சிரிச்சு. அப்ப நான் கேட்டன், 2018 இல நீ ஆரைக் கேட்டாய் மருமகன் எண்டு. லைன் கட்டாயிட்டு எண்டாய். உன்ட மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

நீ பில்ஸ்காரனானதில எனக்குக் குறை இல்ல. 2008 இல இருந்து 2013 வரைக்கும் அவங்க டொராண்டோவுக்கே வந்து வருசத்துக்கு ஒரு ஆட்டமாவது விளையாடினாங்க, நீயும் போய்க் கத்திப்போட்டு வந்து தொண்டை கட்டிக் கதைச்சாய். அது தொடர்ந்து நாலு வருசம் இறுதி ஆட்டத்துக்குப் போய் நாலிலயும் தோத்த அணி. முதலாவது ஒரு புள்ளியால. அப்பிடி ஒரு அணியைத் தேடிப் பிடிக்கிறதுக்கும் நம்மட குடும்பத்துக் கை வேணும்.

ஒரு புத்திதான் சொல்றன். அடுத்த சித்திரைக்கு ட்ராஃப்ட் தொடங்க ஒரு மணித்தியாலம் முந்தி, ஒரு கடுதாசியில உனக்கு வேண்டிய ரிசீவர்ட பேரை எழுது. ஒரு பேர்தான், அஞ்சு பேர் எழுதி அதில ஒண்டு விழுந்தா நான்தானே சொன்னன் எண்டு நிக்கிறது இல்ல. அடியில ஒப்பம் வை, திகதி போடு, படம் பிடிச்சு எனக்கு அனுப்பு. அதை நான் தேத்தண்ணிக் கடையிலயும் காட்டமாட்டன், உன்ட அம்மாட்டயும் காட்டமாட்டன். மூண்டு வருசம் கழிச்சு எடுப்பம். நீ சொன்னவன் நல்லா வந்திருந்தா, ஊருக்கு வந்து நிக்கிற நாளெல்லாம் வாவி நண்டுக் கறி என்ட செலவு. பிழைச்சா நீ எனக்கு ஒரு நல்ல கண்ணாடி வாங்கி அனுப்பு, இந்த நம்பரெல்லாம் வாசிச்சு வாசிச்சுக் கண் மங்கிட்டு.

கடுதாசியை மாமிதான் பத்திரப்படுத்துவா, அலுமாரிக்குள்ள சாதகக் கட்டோட. இப்பவும் பக்கத்தில நிண்டு ஒண்டு கேக்கச் சொல்றா: களுதாவளைப் பிள்ளைட சாதகம் வந்து ரெண்டு மாசமாக் கிடக்காம், ஏழாஞ் சுற்றுக்கு இழுக்கிற எண்ணமோ எண்டு.