பதினைந்து வயதுச் சிறுவனின் பணிவான விண்ணப்பம்

பெறுநர்: உயர்திரு தலைவர் அவர்கள், பெற்றோர் கட்டுப்பாட்டுப் பிரிவு, சிறுவர் இணைய விளையாட்டு நிறுவனம். (பெயரைப் போட்டால் உங்கள் வழக்கறிஞர்கள் நோர்வூட் வரை ஏறி வரவேண்டியிருக்கும். வீதி சரியில்லை.)

மாட்சிமை பொருந்திய ஐயா,

கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கெமரா என் முகத்தை இடம், வலம், நேர் என்று திருப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, எனக்கு வயது பதின்மூன்றுக்கும் பதினைந்துக்கும் இடையில் என்று தீர்ப்பளித்தது. முன்மண்டை முழுக்க வெளிச்சம், காலையில் பிரஷருக்கு ஒரு மாத்திரை, கூட்டுறவுச் சங்கத்தில் இரண்டு கடன். இருந்தாலும் உங்கள் தீர்ப்பை மறுக்க நான் யார்? தரம் ஐந்தில் படிக்கும் என் மகன் அதே கெமராவுக்கு முன்னால், மூக்குக்குக் கீழே பேனையால் மீசை வரைந்துகொண்டு நின்றான். அவனுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது என்றீர்கள். ஆக, எங்கள் வீட்டில் இப்போது வயது வந்தவர் அவர்தான். அவருடைய அனுமதி பெற்றே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். 2020இல் கொரோனாவுக்காகப் பாடசாலையை மூடி, பாடமெல்லாம் வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். கடன்பட்டு போன் வாங்கினார்கள் சனங்கள். பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டு மலைக்கு ஏறினார்கள். பாடம் போய்விட்டது, போன் தங்கிவிட்டது. இப்போது மலை முடிந்து வரும் தாய்மார் பாடசாலை வாசலில் நின்று, “சேர், இந்தப் போனைக் கொஞ்சம் பூட்டித் தாங்க” என்கிறார்கள். உங்கள் பூட்டை என் வீட்டில் முதலில் போட்டுப் பார்ப்போமே என்றுதான் கெமராவுக்கு முகத்தைக் காட்டினேன். சிறுபிள்ளைத்தனம், வயது அப்படி.

சிறுவன் என்பதால் என் பெற்றோரை அழைத்து வரச் சொன்னீர்கள். அப்பா வந்தார். எழுபத்தாறு வயது. கடனட்டையைக் காட்டவும், அல்லது அரசாங்க அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பவும் என்றது திரை. ஐயா, கடனட்டை என்றால் வங்கி மாதச் சம்பளப் பத்திரம் கேட்கும். எங்கள் சனத்துக்கு நாட்சம்பளம். 2026 வரவுசெலவுத் திட்டத்தில் எல்லாம் சேர்த்து 1,750 ரூபாய் என்று அறிவித்தார்கள், அதுவும் முழுநாள் பேர் விழுந்தால்தான். அதை நம்பி எந்த வங்கி அட்டை அடிக்கும்?

அடையாளத்தை உறுதிப்படுத்தச் சொன்னதும் அப்பா சிரித்துவிட்டார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அவர் பிறக்கவும் இல்லை. பிறந்தபின் நாடற்றவர். 1964இல் சிறிமா அம்மையாரும் இந்தியாவின் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, ஆட்களை இங்கே இத்தனை பேர், அங்கே இத்தனை பேர் என்று பிரித்துக்கொண்டார்கள். மிச்சமிருந்தவர்களின் கணக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் தீர்ந்தது. கொழும்புக்கு ஐம்பத்தைந்து வருடம் பிடித்த வேலையை உங்கள் கெமரா கண்மூடித் திறப்பதற்குள் முடிக்கிறது. முன்னேற்றம்தான். இரண்டும் கேட்கும் கேள்வி மட்டும் ஒன்று.

தர முத்திரை விஷயத்துக்கு வருகிறேன். அதில் உங்கள் அறிவுக்கு நான் அடிமை. உங்கள் தொழிலில் பெரியண்ணன் ரோப்லொக்ஸ். 2024 நவம்பரில் அவர்கள் விளையாட்டுகளைக் குறைந்தபட்சம், மெல்லியது, மிதமானது, கட்டுப்படுத்தப்பட்டது என்று நான்கு படியில் வைத்தார்கள். ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளை, பெற்றோர் சொல்லாமல் முதல் இரண்டு படியைத் தாண்ட முடியாது என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த விளையாட்டு எந்தப் படி என்பது, அதைச் செய்தவரே நிரப்பும் கேள்விப்பத்திரத்திலிருந்து ஆரம்பிக்கிறது. இரத்தம் உண்டா? கொஞ்சம். பயம் உண்டா? இல்லவே இல்லை. இந்த நம்பிக்கையை எங்கள் தோட்டத்துக்கும் கொஞ்சம் அனுப்பி வையுங்கள். இங்கே கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கழித்துவிட்டு, குறைந்தால் அரைப்பேர் போடுகிறார்கள். உங்கள் முறைப்படி, பறித்தவளே தன் கொழுந்தை நிறுத்து, தானே எழுதிக்கொண்டு போகலாம். பெரியதுரையிடம் இதைச் சொல்லிப் பார்க்கவிருக்கிறேன். சிறுவன் சொன்னால் கேட்பாரோ என்னவோ.

அதே பெரியண்ணனின் தலைவர் டேவிட் பசூக்கி 2025 மார்ச்சில் பிபிசிக்குப் பேட்டி கொடுத்தார். உங்களுக்குச் சரிப்படவில்லை என்றால் பிள்ளைகளை ரோப்லொக்ஸில் விடாதீர்கள் என்பது அவர் பெற்றோருக்குச் சொன்ன புத்தி. 2026 ஜனவரியில் உலகம் முழுக்க அரட்டைக்கு முகம் பார்த்து வயது கணிக்கத் தொடங்கினார்கள். அண்ணன் போன வழியில் நீங்களும் போனீர்கள். என்னைச் சிறுவனாக்கிய புண்ணியம் அப்படித்தான் கிடைத்தது.

இனி எழுதப்போவதைச் சிறுவனாக இருந்து எழுத முடியவில்லை.

என் வகுப்பில் ஒரு பிள்ளை. தாய் கத்தாரில் வீட்டுவேலை. பிள்ளை அம்மாயியோடு லயத்தில். உங்கள் தளத்தில் அண்ணன் என்று சொல்லிப் பழகிய ஒருவன், விளையாட்டுக் காசு தருகிறேன், படம் அனுப்பு, அம்மாயியிடம் சொல்லாதே என்று எழுதியிருந்தான். அந்த விளையாட்டின் தலையில் ‘எல்லா வயதினருக்கும்’ என்று முத்திரை. முறைப்பாடு செய்தேன். தேநீர் ஆறுவதற்குள் பதில் வந்தது: ஆராய்ந்தோம், விதிமீறல் எதுவும் இல்லை. யார் ஆராய்ந்தது? அவன் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தான். உங்கள் இயந்திரத்துக்கு அது அர்த்தமில்லாத எழுத்து. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அந்தப் பிள்ளையிடம் காசு வாங்கத் தெரிந்த உங்களுக்கு, அதன் மொழி தெரிந்த ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வக்கில்லையா? கட்டுப்பாடு பெற்றோர் கையில் என்று எழுதி வைத்திருக்கிறீர்களே, அந்தக் கை கத்தாரில் வேறொருவர் வீட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் கத்தார் ரோப்லொக்ஸையே மூடியது. குவைத்தும் அதே மாதம். அவள் அங்கே சோறூட்டும் பிள்ளைக்கு அந்தக் கதவு பூட்டு. பெற்ற பிள்ளைக்கு இங்கே எல்லாக் கதவும் திறப்பு.

மன்னிக்க வேண்டும் ஐயா. பெரியவர்களிடம் சிறுவர் இப்படிக் குரல் உயர்த்தக் கூடாது. என் பாதுகாவலர் புலமைப்பரிசில் வகுப்பால் வந்ததும் கண்டிக்கச் சொல்கிறேன்.

எங்கள் அரசாங்கத்தையும் நீங்கள் குறைவாக நினைக்கக் கூடாது. நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று 2024இல் 9ஆம் இலக்கச் சட்டம் ஒன்று வந்தது. பத்திரிகைக்காரர்கள் பயந்தார்கள், முகநூலில் அமைச்சரைக் கேலி செய்கிறவர்கள் பயந்தார்கள். பயப்படாமல் நிமிர்ந்து இருந்தவர் நீங்கள் ஒருவர்தான். அந்தத் தைரியத்தை மெச்சுகிறேன்.

அடியேன் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. என் வயதைத் திருத்த வேண்டாம். ஓய்வூதியம் தள்ளிப்போவதைத் தவிர நட்டம் இல்லை. அந்த முறைப்பாட்டை மட்டும், தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு மனிதரிடம் கொடுங்கள். அந்தப் படம் கேட்டவனுடைய கணக்கு இன்னும் மூடப்படவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு, தரம் நான்கில் படிக்கும் இன்னொரு பிள்ளைக்கு நட்பு அழைப்பு அனுப்பியிருக்கிறான். அவள் தகப்பனின் முகத்தை உங்கள் கெமரா வயது வந்தவர் என்று ஒப்புக்கொண்டது. பக்கத்தில் இருந்து ஒவ்வொரு பூட்டையும் நான்தான் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் அந்த அழைப்பு வந்தது.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள சிறுவன்,
ஆசிரியர், தோட்டப் பாடசாலை,
நோர்வூட்.