வைகறையில் வாசல் தெளிக்கும் முறை

திருநெல்வேலியில் பனி என்பது புல்நுனியில் நிற்பது. அதை யாரும் அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து வாசல் பனியை ஒதுக்குவது டொராண்டோவில் குடியேறிய நம்மவர்களின் பாடு. நம் வாசலில் ஒதுக்க வேண்டியவை வேறு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் காற்று இரவெல்லாம் வேப்பஞ்சருகையும் புழுதியையும் கொண்டுவந்து குவிக்கிறது. ஆனால் கேள்வி இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்: பக்கத்து வீட்டார் உறங்கும்போது நம் வாசலை எவ்வளவு சத்தத்தோடு சுத்தம் செய்யலாம்?

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. பத்து டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒன்றாகிவிடும் என்பதால் இது சிறிய வேறுபாடு அல்ல. நம் இலக்கணம் பிரித்த சிறுபொழுதுகளை இதன்மேல் வைத்துப் பாருங்கள். பத்து முதல் இரண்டு வரை யாமம், இரண்டு முதல் ஆறு வரை வைகறை. சட்டத்தின் இரவு இந்த இரண்டும் சேர்ந்ததுதான். வைகறை மருதத்துக்கு உரிய பொழுது. தாமிரபரணிக் கால்வாய்கள் பாயும் நம் வயல்நாடு மருதம்தான். ஆகவே இந்த நேரத்தின் ஒழுங்கை நாம் வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை.

இரவு அளவை ஒலி பத்து டெசிபலாவது தாண்டினால் விதிப்படி புகார் கொடுக்க முடியும். அதற்குக் கீழே உள்ள அன்றாட வீட்டுச் சத்தமெல்லாம் அண்டை வீட்டாரின் நல்ல மனதைப் பொறுத்தது. வாரியல் எழுப்பும் ஓசை அங்கேதான் வருகிறது.

மண் வாசலில் ஈர்க்கு வாரியல் உறுத்தாது. சிமெண்டுத் தளத்தில் காய்ந்த ஈர்க்கு பிறாண்டும். முதலில் கையால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்கினால் புழுதியும் எழாது, சத்தமும் பாதி அடங்கும். வாளியைப் பொத்தென்று வைக்காமல், கைப்பிடி விளிம்பில் மோதாமல் இறக்க வேண்டும். வளவு வீடுகளில் இது இன்னும் முக்கியம். அங்கே ஒரு சுவர் இரண்டு வீட்டுக்குப் பொது. தார்சாவில் படுத்திருப்பவரின் தலைமாட்டுக்கும் நம் வாளிக்கும் நடுவே ஒற்றைச் செங்கல்தான். கோலம் போடுவதில் சத்தமே இல்லை. என் கணிப்பில் நம் காலை வேலைகளில் மிக நாகரிகமானது அதுதான்.

அந்நேரம் உறங்குபவர்களைச் சோம்பேறிகள் என்று எண்ணுவது அநியாயம். நள்ளிரவு வரை பீடி சுற்றிய பெண், ஹைகிரவுண்ட் மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து வந்த செவிலியர், கடைசிப் பேருந்தை டிப்போவில் விட்டுவிட்டு வந்த ஓட்டுநர் என்று பலர். அவர்களுக்கு வைகறைதான் நடுச்சாமம்.

இவர்களை எழுப்புவது பெரும்பாலும் வாரியல் அல்ல. தண்ணீர் மோட்டாரும், மார்கழியின் கூம்பு ஒலிபெருக்கியும்தான். திறந்தவெளியில் இரவில் ஒலிபெருக்கி கூடாது என்று விதி தெளிவாகவே சொல்கிறது. சென்னை மாதவரத்தில் ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கி குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது: பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை. எல்லாச் சமயத்துக்கும் பொருந்தும் தீர்ப்பு இது. திருப்பாவையும் திருவெம்பாவையும் தெருவில் நடந்து பாடப்படும்போது குரல் நெருங்கிவந்து, கடந்து, தேய்ந்துவிடும். உறங்குபவர் புரண்டு படுத்துக்கொள்வார். கூம்புக் குழாயோ ஒரே இடத்தில் நின்று ஒரு மணி நேரம் ஒலிக்கிறது.

மார்கழி கடைசியில் இங்கே சூரியன் ஏறக்குறைய ஆறரைக்குத்தான் எழுகிறது. சட்டத்தின் பகல் தொடங்கும்போதே தெரு இன்னும் இருட்டுதான். அதனால் கேட்டுக்கொள்கிறேன்: மோட்டாரை ஆறு மணிக்குப் பிறகு போடுங்கள். குழாயில் அதற்கு முன்பே தண்ணீர் வரும் தெருவானால் குடத்தில் பிடித்துவையுங்கள். கூம்புக் குழாயை இறக்கிவிட்டுப் பாடுங்கள். வாசல் தெளிப்பதை மட்டும் யாரும் நிறுத்த வேண்டாம்.